பெட்டிக்குள் வைத்த கற்பூரம்

ஒற்றியூரில் புற்றாகி நின்றவனே, ஆண்டில் மூன்று நாள் தவிரக் கவசத்துக்குள் மறைந்திருந்தும் அடியார் உள்ளத்தே வெளிப்படுபவனே! இந்தக் கை பொய் எழுதாதிருக்கவும், சினத்தால் நடுங்காதிருக்கவும் நின் அருள் துணை நிற்கட்டும்.

இன்று கார்த்திகைத் திங்கள் முழுநிலா நன்னாள். நின் கவசம் திறக்கும் நாள். மழையில் வரிசையில் நின்று தரிசித்துவிட்டு வந்து, தோளில் கிடக்கும் துண்டு உலர்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். வேண்டுதலின் முதற்பாதி நிறைவேறும் என்ற உறுதி எனக்கு உண்டு. இரண்டாம் பாதி ஐயம்தான். இந்த வாரம் நான் சொல்ல வந்த செய்தி அப்படிப்பட்டது.

வெள்ளைத் திரை

ராயபுரத்திலிருந்து துறைமுக வாயிலை நோக்கிச் செல்லும் சாலையில், சங்கிலியும் கயிறும் விற்கும் கடைகளுக்கு மேல்மாடியில் ஓர் ஒப்பந்தக்காரரின் அலுவலகம் இருந்தது. கப்பல்களின் அடிப்புறத்தை ஆள் இறக்கிச் சோதித்து அறிக்கை தருவது அவர்கள் தொழில். புத்தாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் கழிந்திருக்கும். மேசைமேல் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நாற்காலி தந்தார்கள். ஏலக்காய் மணக்கும் தேநீரும் தந்தார்கள்.

தேசிங்குக்கு நாற்காலி தரவில்லை. காசிமேட்டுக்காரன், பதினெட்டு ஆண்டுகளாகத் துறைமுக நீரில் முக்குளிப்பவன். அன்று காலைதான் ஒரு சரக்குக் கப்பலின் கீழே இறங்கி வந்திருந்தான். தலைமயிர் இன்னும் உலரவில்லை. காது மடலில் உப்புப் பூத்திருந்தது. கப்பலைத் திருப்பும் சுக்கானைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டையில் இரண்டு போல்ட்டுகள் இல்லை என்று மேலே வந்ததும் சொன்னான். கப்பலோ மறுநாள் மாலை புறப்பட வேண்டும்.

அவன் மார்பில் கட்டி இறக்கிய காமிரா எடுத்த படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை இரும்பு தெரிந்தது. பாசியும் ஒட்டுச்சிப்பிகளும் விளக்கொளியில் நகர்ந்தன. பிறகு அரிசி கழுவிய நீரை யாரோ ஊற்றியதுபோலத் திரை மங்கியது. சற்று நேரத்தில் முழுதும் வெள்ளை.

மேலாளர் படத்தை நிறுத்தினார். "சுக்கான் கிட்ட வர்றப்போ மட்டும் எப்படி வெள்ளையாகுது? சொல்லு."

"எனுக்கு இன்னா சார் தெரியும்? கீய போனா நான் கண்ண மூடிக்குவேன். கைதான் பாக்கும்."

"கண்ண மூடிக்கிட்டுப் பார்த்தியா!" அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "லென்ஸ எதையோ வச்சு மறைச்சுட்டு, போகாத இடத்துக்குப் போனதா சொல்ற."

"போவாம குந்திகினு இருந்தேன்னா, எல்லாம் நல்லா கீதுன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிருப்பேனே சார். இல்லாத போல்ட்ட இல்லன்னு சொல்லி நான் இன்னாத்துக்குப் பேஜார்ல மாட்டணும்?"

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "சார், காமிரா வச்ச பெட்டி நீங்க செஞ்சது. உள்ள தண்ணி பூந்திருக்குமா?"

"மூடியைச் சுற்றி நான் வார்த்த ரப்பர் வளையத்தைத் தாண்டி ஒரு சொட்டு நீர் புகாது" என்றேன்.

தேசிங்கு என்னை ஒருமுறை பார்த்தான். மேலாளர் பதிவேட்டைத் திறந்து, அவன் பெயருக்கு நேரே 'பொய்யான அறிக்கை' என்று எழுதினார். துறைமுக வாயிலுக்குள் போவதற்கான அவனது பாஸை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

காமிரா சுருங்கிய கதை

இப்போது கடைவீதியில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய காமிராக்களைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தலைக்கவசத்தில் ஒட்டிக்கொண்டு மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமாம். மார்பில் கட்டிக்கொண்டு வானத்திலிருந்து குதிக்கலாமாம். விளம்பரத்தில் எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். வீரத்தின் கண் என்று அதற்குப் பெயர் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனித உடம்பில் கட்டிய காமிராவை நான் முதன்முதலில் கண்டது ஓர் உழைப்பாளியின் மார்பில். அவன் வீரத்தைப் போற்றுவதற்காக யாரும் அதைக் கட்டவில்லை. அவன் சொல்லை நம்பாததால் கட்டினார்கள்.

என் திருமணத்தின்போது படம் எடுத்தவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, மூச்சை அடக்கச் சொல்லி எங்களை அதட்டினார். என் மகள் திருமணத்திற்கு வண்ணாரப்பேட்டை காதர் பாய் வீடியோ எடுத்தார். அவர் தோளில் காமிரா. பின்னால் பதிவுப் பெட்டியைச் சுமந்தபடி ஒருவர். விளக்குப் பிடிக்க இன்னொருவர். மூவரும் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகளைப்போல மேடையைச் சுற்றினார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர் கடைக்குப் போனேன். உள்ளங்கையில் அடங்கும் காமிரா ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"அந்த மூணு ஆளு வேலையும் இதுக்குள்ள போயிடிச்சு ஐயா. பாத்துகினே இருங்க, மூக்குத்திக்குள்ள வச்சுக் குடுக்கப்போறான். மாமியாருங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு வாங்கி மருமவளுக்குப் போட்டு உடுவாங்க."

பிற நாடுகளில் நடந்ததைப் பிற்பாடு பத்திரிகைகளில் படித்து அறிந்தேன். பனியில் சறுக்குவோரும் வானிலிருந்து குதிப்போரும் முதலில் கனத்த காமிராவைத் தலைக்கவசத்திலேயே பூட்டிக்கொண்டு கழுத்துவலியால் அவதிப்பட்டிருக்கிறார்கள். அடுத்து, விரலளவு கண்ணை மட்டும் தலையில் வைத்து, ஒயர் வழியாக இடுப்புப் பையிலுள்ள பதிவுக்கருவியில் படம் பிடித்தார்கள். அதன்பின் அலையில் சறுக்குவோர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள, நீர் புகாத உறைக்குள் ஃபிலிம் காமிரா வந்தது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. பெட்டி மேலும் சுருங்கியது. எல்லாமே தம்மைத் தாமே படம் பிடிக்க விரும்பியவர்கள் செய்த முயற்சிகள். கட்டிக்கொள்வதும் கழற்றிப் போடுவதும் அவர்கள் விருப்பம்.

தேசிங்குக்கு அந்த விருப்பம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பெட்டி செய்த நானும் கேட்கவில்லை.

நான் செய்த பெட்டி

திருவொற்றியூரில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். எண்ணெயோ நீரோ ஆவியோ கசியாமல் தடுக்கும் வளையங்கள் செய்யும் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு காலையில் கோயில், மாலையில் பதிகம் என்று நாள்கள் சென்றன. பழைய நண்பர் ஒருவர் சொல்லி அந்த மேலாளர் வீடு தேடி வந்தார். நீருக்கடியில் காமிராவைக் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும் என்றார். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் ஆகுமாம்.

எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. கனத்த அக்ரிலிக் பலகையில் பெட்டி, முகப்பில் கண்ணாடி, மூடியைச் சுற்றி என் கையால் வார்த்த வளையம், எட்டுத் திருகாணிகள். உடைந்த கார் ஒன்றின் இருக்கைப் பட்டையை வெட்டி மார்பில் கட்டும் வார் செய்தேன். பெட்டி மிதக்காமலிருக்க வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை அடியில் சேர்த்தேன். உள்ளே காகிதம் வைத்து, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் அரை நாள் அமுக்கி வைத்துப் பார்த்தேன். காகிதம் மொடமொடப்பாக இருந்தது.

செய்து முடித்த பொருளுக்குத் தீபாராதனை காட்டாமல் நான் வெளியே அனுப்புவதில்லை. பெட்டிக்கும் காட்டினேன். மிஞ்சிய கற்பூரக் கட்டி ஒன்றைப் பஞ்சில் பொதிந்து, பெட்டியின் மூலையில் வைத்து மூடினேன். இறையருள் உடன் போகும். பூச்சியும் பூஞ்சையும் அண்டா. ஒரே கட்டியில் இரண்டு பயன் என்று எனக்குள் ஒரு திருப்தி.

சொல்லை நம்பி இறங்குவோர்

துறைமுகத்து நீரை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நிலக்கரித் தூளும் எண்ணெயும் ஊர்ச் சாக்கடையும் கலந்த நீர் அது. விளக்கு இருந்தாலும் ஒரு சாண் தொலைவுக்கு மேல் தெரியாது. ஆகவே முக்குளிப்பவர்கள் இடது கையின் உறையைக் கழற்றிவிட்டு, இரும்பைத் தடவிக்கொண்டே போவார்கள். பற்றவைத்த தழும்பு, துரு, விரிசல் எல்லாவற்றையும் விரல் சொல்லும்.

ஒருவன் மேலே வந்ததும் அடுத்தவன் இறங்குவான். வந்தவன் இடுப்பில் கட்டிய ஈயத்தை அவிழ்க்குமுன், ஒரு வாய் தண்ணீர் குடிக்குமுன், கீழே எங்கே என்ன இருக்கிறது என்று அடுத்தவனிடம் சொல்லியாக வேண்டும். இறங்குபவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் குதிப்பான். இன்ன இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, காற்றுக்குழாய் சிக்கும் என்ற சொல்லில் அவன் உயிர் இருக்கிறது.

பாஸ் போனால் இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் வாங்கலாம். பொய்யன் என்று பதிவேட்டில் ஏறிவிட்டால், தேசிங்கு சொன்னதை நம்பி இனி எவன் இறங்குவான்?

இதையெல்லாம் அறிந்தும் காமிராவின் பக்கம் நின்றேன். ஆண்டில் மூன்று நாள் மட்டுமே கவசம் திறக்கும் ஈசன் முன் மற்ற நாளெல்லாம் நின்று, இருக்கிறான் என்று கண்ணீர் மல்கப் பாடுகிறவன் நான். எனக்கு அவன் மெய். கண்ணை மூடிக் கையால் கண்டறிந்து வந்த மனிதன் மட்டும் பொய்யா?

குப்பம்மாள் வந்தாள்

அன்று மாலை, விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே வாசலில் ஒரு குரல் வெடித்தது.

"யோவ் நைனா! வெளிய வாய்யா!"

தேசிங்கின் மனைவி குப்பம்மாள். மீன் கூடையோடு பேருந்தில் வந்திருந்தாள். தெருவே கதவைத் திறந்து பார்த்தது.

"உள்ளே வா அம்மா" என்றேன்.

"உன் வூட்டு காப்பி குடிக்க நான் வரல. பதினெட்டு வருசம் அந்தக் கலீஜ் தண்ணில கெடக்குறவன் பொய் சொல்றான், முந்தாநாளு நீ செஞ்ச கண்ணாடிப் பொட்டி நெசம் சொல்லுதா? மத்தியானத்துலேர்ந்து அந்தாளு செவுத்தப் பாத்துகினு குந்தினு கீறாரு. சோத்தத் தொடல. எங்க அந்தப் பொட்டி? தொற. நான் பாக்கணும்."

சோதித்துப் பார்க்கச் சொல்லிப் பெட்டியை என்னிடமே கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதன் எட்டுத் திருகாணிகளையும் அவள் முன்னாலேயே கழற்றினேன். மூடியைத் தூக்கியதும் குப்பம்மாள் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா நைனா, தட்டு காட்டுன மாரி வாசன அடிக்குது?"

கையை உள்ளே விட்டு, கண்ணாடியின் உட்புறத்தை ஆள்காட்டி விரலால் வழித்தாள். விரல் நுனியில் வெண்மையாக மாவுபோல் ஒட்டியிருந்தது. முகர்ந்தாள்.

"சூடம்!"

பஞ்சைப் பிரித்தேன். கட்டி பாதியாகக் கரைந்திருந்தது. திறந்து வைத்த கற்பூரம் உருகாமலே காணாமற்போவதைக் குழந்தைகூட அறியும். காமிரா ஓட ஓட அதன் சூட்டில் கற்பூரம் ஆவியாகியிருக்கிறது. வெளியே கடல்நீர் பட்டுக் குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஆவி வெண்பொடியாகப் படிந்திருக்கிறது. முப்பது ஆண்டுகள் சூட்டோடும் ஆவியோடும் மல்லுக்கட்டியவனுக்கு இது தோன்றாமல் போயிற்று. தொட்டியில் சோதித்தபோது உள்ளே காகிதம்தான் இருந்தது. சூடாக ஓடும் காமிரா இல்லை.

குப்பம்மாள் விரலை என் கண்முன் நீட்டினாள். "தண்ணி பூராதுன்னு சொன்னியாமே. நெசந்தான். சாமி பூந்துட்டாரு."

பிறகு, கத்தாமல் கேட்டாள்: "நாளிக்கு வந்து சொல்லுவியா?"

"சொல்வேன்."

"காலீல ஹார்பர் கேட்டாண்ட நிப்பேன். வரலன்னா கூடையோட உன் வூட்டுக்குள்ள பூந்துருவேன்."

மீண்டும் அந்த அறை

மறுநாள் காலை பெட்டியோடும் பஞ்சோடும் போனேன். நடந்ததைச் சொன்னேன். மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கடலுக்குள்ள கற்பூரமா! சார், உங்க பக்திக்கு நான் தலைவணங்கறேன். ஆனா டேப்புல இல்லாதது எங்களுக்கு இல்லாததுதான்."

"டேப்பில் வெள்ளைதானே இருக்கிறது? துறைமுகத்துக் கடல் வெள்ளை என்றும் எழுதுவீர்களா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சிரிப்பு நின்றது. ஈரத்துணியால் துடைத்த அதே பெட்டியை ஜோசப்பு என்னும் இன்னொரு முக்குளிப்பவனின் மார்பில் கட்டி, மறுபடி இறக்க ஒப்புக்கொண்டார்.

ஜோசப்பு நேரே படகுக்குப் போகவில்லை. துறைமுக வாயிலின் கம்பிக்கு உட்புறம் வந்து நின்றான். பாஸ் இல்லாத தேசிங்கு வெளிப்புறம் நின்றான், பக்கத்தில் குப்பம்மாள்.

"எங்க மாமு?"

"பின்பக்கமா எறங்கு. எடது கைய அடித்தகடுல வச்சிகினே வா. சுக்கான் பட்ட தட்டும். மேலேர்ந்து ரெண்டு போல்ட்டு கீது. மூணாவதும் நாலாவதும் இல்ல. ஓட்டைல வெரல் பூரும். வெளிம்பு கூரு, கிழிச்சிடும்."

"ரெண்டு கீது. மூணு, நாலு இல்ல. வெளிம்பு கூரு."

வாயிற்காவலர் சிரித்தார். "பொய்க்காரன்கிட்ட வழி கேக்குறியாடா?"

"நீ எறங்குறியா? இல்லல்ல? மூடிகினு நில்லு" என்று சொல்லிவிட்டு ஜோசப்பு போனான்.

நண்பகலில் படம் பார்த்தோம். பச்சை இரும்பு, பாசி. இடப்புறத்திலிருந்து ஒரு வெறுங்கை வந்தது. விரல்கள் இரும்பின்மேல் நடந்தன. ஒரு போல்ட்டு. இன்னொன்று. மூன்றாம் இடத்தில் ஆள்காட்டி விரல் இரண்டாம் கணு வரை உள்ளே போயிற்று. நான்காம் இடத்திலும் அப்படியே.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்லவேளை. காமிரா கண்டுபிடிச்சுடுச்சு."

காமிராவா கண்டுபிடித்தது? அந்த விரல் காட்டாவிட்டால் அதற்கு அந்த ஓட்டை தெரிந்திருக்குமா? தேசிங்கு சொல்லாவிட்டால் அந்த விரல் அங்கே போயிருக்குமா? கப்பலை நிறுத்தச் சொல்லித் தொலைபேசியில் பேசிவிட்டு, பதிவேட்டில் 'காமிராவால் உறுதி செய்யப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தார். பாஸை என்னிடம் நீட்டி, கொடுத்துவிடச் சொன்னார்.

வாயிலில் நின்ற தேசிங்கு அதை வாங்கவில்லை.

"பொய்யின்னு எழுதுனாரே, அத்த அடிச்சாரா?"

"இல்லை."

"அப்ப நான் சொன்னது பொய்யி, காமிரா சொன்னது நெசம். அப்படித்தானே கீது அந்த நோட்டுல?" நீட்டிய என் கையைத் தள்ளினான். "பாஸு அவுராண்டயே இருக்கட்டும் நைனா. நீ சூடம் வச்சத நான் தப்பு சொல்லல. தண்ணி பூந்துச்சான்னு அவுரு கேட்டப்போ நீ என் மூஞ்சப் பாத்துப் பேசியிருக்கலாம்."

நான் மாடிப்படி ஏறினேன். பதிவேட்டைக் கேட்டேன்.

"அடித்தல் திருத்தல் கூடாது சார். ஆடிட்ல கேப்பாங்க."

"கேட்கட்டும்! என்னை வரச் சொல்லுங்கள். ஒருவன் உயிரைக் கொடுத்து மெய் சொல்லுவான். நீங்கள் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து பொய் என்று எழுதுவீர்கள். திருத்தச் சொன்னால் மட்டும் சட்டம் வருமோ?" என்று கூவினேன். வாழ்நாளில் அப்படிக் கூவியதில்லை. எழுத்தர்கள் எழுந்து நின்றார்கள். பதிவேட்டை என் பக்கம் இழுத்து, அந்தச் சொல்லின் மேல் கோடு கிழித்து, கீழே எழுதிக் கையொப்பமிட்டேன். மேலாளர் தடுக்கவில்லை, வயதுக்குத் தந்த மரியாதையோ, அச்சமோ.

என் பின்னாலேயே வந்து கீழே சாலையில் நின்ற குப்பம்மாளின் குரல் சன்னல் வழியாக வந்தது. "இன்னா எழுதுன? படி!"

படித்தேன்.

"கேக்கல நைனா! கோயில்ல பாடுவியாமே, அந்தத் தொண்டைல படி!"

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, சாலை முழுதும் கேட்கும்படி படித்தேன்: "முக்குளிப்பவர் தேசிங்கு முதல் நாள் சொன்னது மெய். அதைப் பொய் என்று எழுதியது பிழை. காமிராவின் பார்வையை மறைத்தது, பெட்டி செய்த நான் உள்ளே வைத்த கற்பூரம்."

லாரி ஓட்டுநர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். தேசிங்கு வாயிலை விட்டு வந்து, படியேறி, முதன்முறையாகக் கேட்காமலே அந்த அறையின் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் மேசைமேல் வைத்திருந்த பாஸை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அந்த வாரமே மேலாளர் இன்னும் பத்துப் பெட்டிகள் கேட்டார். மறுத்தேன். வேறொருவர் செய்து கொடுத்தார். தேசிங்கு வேலை பார்த்த மீதி ஆண்டுகளெல்லாம் மார்பில் பெட்டியோடுதான் இறங்கினான். ஒன்றே ஒன்றை மட்டும் முக்குளிப்பவர்கள் சேர்ந்து நின்று வாங்கினார்கள்: மேலே வந்தவன் சொல்வதை முதலில் எழுத வேண்டும், அவன் கையொப்பமிட வேண்டும், அதன் பிறகுதான் டேப்பை ஓடவிட வேண்டும்.

இதை வாசிக்கும் அனைவரும் நலமும் வளமும் பெற்று நெடிது வாழ்க. உங்கள் இல்லத்தில் விளக்கு அணையாதிருக்கட்டும். நீங்கள் மெய் சொல்லும் வேளையில், சான்று கேளாமல் உங்கள் முகத்தைப் பார்த்தே நம்பும் ஒருவரையேனும் ஒற்றியூர் ஈசன் உங்கள் எதிரே அமர்த்துவானாக.